பின்னால் சுற்றும்போது கை வைக்காதே

கலையைப் பெண் பார்க்க வந்த அன்று, கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, "அப்பா என்ன வேலை பாக்கறாருங்க?" என்று பொதுவாகக் கேட்டார். முத்து, நீ "பம்பு கம்பெனி" என்றாய். கலை உள்ளேயிருந்து "சிராமிக்ஸ்" என்று குரல் கொடுத்தாள். உங்கள் அம்மா காபித் தட்டோடு வந்து, "படகுக்கு மோட்டாரு செய்யறாருங்க" என்றாள். பெரியப்பா நம் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு ஆளுதானே, மூணு வேலையா? அதுவும் விருத்தாசலத்துல உக்காந்துகிட்டு படகுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கே விளக்க ஆரம்பித்தால் கேசரி ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நானும் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். இப்போது நேரம் இருக்கிறது என்பதால் உங்கள் இரண்டு பேருக்கும் எழுதிவைக்கிறேன். நீங்கள் மூன்று பேரும் சொன்னது சரிதான். மூன்றும் ஒரே வேலை.

நான் பத்தாவதோடு நின்றவன். ஜங்ஷன் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றில் சேர்ந்தேன். நல்லூர், சேத்தியாத்தோப்பு என்று எந்தப் பக்கத்து வயலில் மோட்டார் கருகினாலும் மாட்டு வண்டியிலோ டெம்போவிலோ எங்களிடம் வரும். கருகிய கம்பியைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, காயவைத்து, ஓட்டிப் பார்த்துக் கொடுப்போம். அங்கே என் உடம்பில் ஏறிய பாடம் ஒன்று உண்டு. பம்பு ஒரு பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் தண்ணீர் ஏறாது, சில பம்பில் உள்ளே இருக்கிற நட்டும் கழன்றுவிடும். அதனால் மோட்டார் பின்னால் சுற்றுகிறது என்று கண் பார்த்தவுடனே கை போய் சுவிட்சை அணைத்துவிடும். யோசிக்கவே வேண்டாம். இரண்டு வயரை மாற்றிக் கொடுத்து மறுபடி போடுவோம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சிராமிக் பேட்டையில் கனகசபை சாரின் பட்டறையில் சேர்ந்தேன். பேட்டையில் ஒருவர் பொம்மை செய்வார், ஒருவர் பியூஸ் கட்டை செய்வார், ஒருவர் ஜாடி செய்வார். எங்கள் பட்டறையில் செய்தது பம்புக்குள் போகும் வெள்ளை வளையம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் போட்டால் என்ன அளவோ அந்த அளவு. தண்ணீருக்குள் இருக்கும் மோட்டாரிலிருந்து ஷாஃப்ட், அதாவது சுற்றுகிற கம்பி, வெளியே வர வேண்டும், ஆனால் அதைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் உள்ளே போகக் கூடாது. சுற்றுகிற ஒன்றை எப்படி அடைப்பது? அதற்குத்தான் சீல். வெள்ளை வளையம் அசையாமல் நிற்கும். அதன்மேல் கறுப்பு கார்பன் வளையம் உரசிக்கொண்டு சுற்றும். பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடிக்கும். இரண்டு முகமும் கண்ணாடி மாதிரி சமமாக இருந்தால் நடுவில் தண்ணீர் நுழையாது. அவ்வளவுதான். மோட்டாரின் உயிர் அந்த இரண்டு முகத்துக்கு நடுவில் இருக்கிறது.

கனகசபை சாரைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. சிராமிக் டிப்ளமோ படித்தவர். ஒல்லியானவர், சட்டையை எப்போதும் முழங்கை வரை மடித்திருப்பார். கூட்டிப் பெருக்குகிறவர் முதல் எல்லோரையும் "வாங்க, போங்க" என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "ராசேந்திரன், கொஞ்சம் வர முடியுங்களா?" என்று கேட்டால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு ஓடுவேன்.

சூளையிலிருந்து வளையம் இறங்கினால் அவர் பார்க்கும் முறை இரண்டு. ஒன்று, நகத்தால் சுண்டிக் காதருகே பிடிப்பார். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் எங்கோ விரிசல். இரண்டாவது, நாக்கு நுனியில் வைப்பார். சரியாக வேகாத மண் ஈரத்தை உறிஞ்சும், நாக்கில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும். நன்றாக வெந்தது வழுக்கிக்கொண்டு விழும். விலை கூடின மெஷின் வந்த பிறகும் அவர் நாக்கை விடவில்லை. அச்சில் வளையம் அழுத்திய வள்ளியக்கா, "சாரு காலையில டிபன் சாப்புடறதில்ல, வளையந்தான்" என்று அவர் காதில் படும்படியே சொல்வார். சார் சிரிக்காமல் அடுத்த வளையத்தை நாக்கில் வைப்பார்.

திரும்பி வந்த சாமானை அவர் பார்க்கும் முறை வேறு. தானே கழுவுவார். வெள்ளை டைல்ஸ் ஒன்றின்மேல் பாகம் பாகமாகப் பிரித்து வைப்பார். அது காய்கிற வரை யாரும் பேசக் கூடாது. காய்ந்த பிறகு கேட்பார்: "எங்க ஓடுச்சு, எப்படி ஓடுச்சு, யார் கையில ஓடுச்சு?" இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் யாராவது காரணம் சொல்ல ஆரம்பித்தால், "நீங்க போயி டீ சாப்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்.

படகு எங்களிடம் வந்தது சீல் வழியாகத்தான். புதுச்சேரிப் பக்கம் கழிமுகத்தில் சின்னப் பாய்மரப் படகுகள் கட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. பத்துப் பதினைந்து அடிப் படகுகள். காற்றில்தான் போகும். ஆனால் காற்று நின்றுவிட்டால்? துறையிலிருந்து கிளம்பவும் திரும்பி வந்து நிறுத்தவும்? அதற்கு ஒரு துணை மோட்டார் வேண்டும். முன்பெல்லாம் பெட்ரோல் இன்ஜின் மாட்டுவார்கள். புகை, சத்தம், எண்ணெய். அந்தப் பட்டறை முதலாளி பேட்டரியில் ஓடும் மோட்டார் மாட்ட நினைத்தார். வெளியிலிருந்து வாங்கிய மோட்டாரில் சீல் போனால் மாற்றுச் சீல் வந்துசேர மாதக்கணக்கில் ஆனது. சீல் தேடி எங்களிடம் வந்தவர், சீலைச் சோதிக்கிற பம்பு மோட்டாருக்கு நான் ஓரமாக உட்கார்ந்து காயில் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "சீலும் நீங்களே, காயிலும் நீங்களே. அப்ப மோட்டாரையே செஞ்சா என்ன?" என்றார்.

மறுநாள் காலையில் சார் என்னிடம், "ராசேந்திரன், தண்ணிக்குள்ள இருக்கற பம்பு மோட்டாரும் தண்ணிக்குள்ள இருக்கற படகு மோட்டாரும் எவ்வளவு தூரத்து சொந்தங்க?" என்றார்.

"ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி சார்" என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தோம்.

வயல் மோட்டார் கரண்டில் ஓடும், இது பேட்டரியில் ஓடும், உள்ளே காந்தம் உண்டு. அதையெல்லாம் சார் படித்துச் சொன்னார், நான் சுற்றினேன். படகின் பின்பலகையில் ஒரு தண்டு. தண்டின் அடியில், தண்ணீருக்குள், சுரைக்காய் அளவில் மோட்டார். அதன் முனையில் புரொப்பல்லர், நாங்கள் காத்தாடி என்றே சொல்வோம். மேலே ஒரு கைப்பிடி. ஒரு பக்கம் திருகினால் முன்னே போகும், மறுபக்கம் திருகினால் பின்னே போகும். ஓட்டிப் பார்க்கக் கடல் வேண்டுமே? களிமண் கரைக்கிற பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்று பட்டறைப் பின்பக்கம் இருந்தது. அதில் தண்ணீர் நிரப்பி மோட்டாரை இறக்குவோம். எவ்வளவு கழுவினாலும் அந்தத் தொட்டித் தண்ணீர் வெள்ளையாகத்தான் இருக்கும். மோட்டார் வெளியே வரும்போது திருநீறு பூசின மாதிரி வரும். "பூசாரி குளிச்சிட்டு வராரு, வழி விடுங்க" என்பார் வள்ளியக்கா.

முதலில் ஆறு மோட்டார் போனது. ஆறு படகில் மாட்டினார்கள். கடலே இல்லாத ஊரில் செய்த மோட்டார் கடலில் ஓடுகிறது என்று எனக்கு நடை மாறிப்போனது. உங்கள் அம்மாவைக் கேளுங்கள், சொல்வாள்.

ஒன்று திரும்பி வந்தது.

சார் கழுவினார், டைல்ஸில் பரப்பினார், காயவிட்டார். மோட்டாருக்குள் தண்ணீர் போயிருந்தது, என் காயில் பச்சை பிடித்திருந்தது. சார் விரலால் உள்பக்கம் தடவி நாக்கில் வைத்தார். "உப்பு" என்றார். வளையத்தைச் சுண்டினார், கணீரென்றது. நாக்கில் வைத்தார், ஒட்டவில்லை. முகங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறை ஒன்றும் தெரியவில்லை. புதுக் காயில் சுற்றி, புதுச் சீல் போட்டு அனுப்பினோம். கொஞ்ச நாளில் அதுவும் திரும்பி வந்தது. அதே படகு. அதே உப்பு. மற்ற ஐந்து படகிலும் மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் படகு செலின் டீச்சருடையது. அவர் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. கையில் ஊன்றுகோலோடு நடப்பார். பெட்ரோல் இன்ஜினைக் கிளப்ப வேண்டுமென்றால் இரண்டு காலையும் அழுத்தி ஊன்றிக் கயிற்றை வெடுக்கென்று இழுக்க வேண்டும், அவரால் முடியாது. அதனால் அதுவரை எப்போதும் இன்னொரு ஆளைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் படகில் போனார். கைப்பிடியைத் திருகினால் ஓடுகிற மோட்டார் வந்த பிறகுதான் படகை அவர் பொறுப்பிலேயே விட்டார்கள்.

அவர் கையில் இருந்த மோட்டார்தான் இரண்டு தடவை போனது. பட்டறை முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் பிள்ளைகள் ஏறுகிற படகு. நடுத்தண்ணீரில் மோட்டார் நின்றுபோனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். போனில் சாரிடம் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை தண்ணீர் போனால் ஆறு படகுக்கும் பழையபடி பெட்ரோல்தான். டீச்சருக்குப் பதிலாக வேறு ஆள்.

எங்கள் பட்டறையில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சேற்றில் விட்டு ஓட்டியிருப்பார், மணலில் இடித்திருப்பார், காத்தாடியில் வலை சுற்றியிருக்கும். நானும்தான் சொன்னேன். வள்ளியக்கா, "அஞ்சு பேருகிட்ட ஒழுங்கா இருக்குது, அவங்ககிட்ட மட்டும் மூச்சு முட்டுதுன்னா, மோட்டாருக்கு டீச்சருன்னாலே பயம் போலருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சார் சிரிக்கவில்லை. "ராசேந்திரன், கொஞ்சம் வர முடியுங்களா?"

போனேன்.

"எங்க ஓடுச்சுன்னு தெரியும். யார் கையில ஓடுச்சுன்னு தெரியும். எப்படி ஓடுச்சுன்னு தெரியலைங்களே. அந்தம்மா மத்தவங்க செய்யாத எதையோ செய்யறாங்க. அது தப்புன்னு நெனச்சிகிட்டுப் போவாதீங்க. என்ன செய்யறாங்கன்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

மூன்றாவது மோட்டாரைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது. நம் மணிமுத்தாற்றில் நீச்சல் கற்க வேண்டுமென்றால் முதலில் தண்ணீர் வர வேண்டும்.

காலையில் மோட்டாரை மாட்டி, படகுப் பட்டறை ஆள் ஒருவர் ஓட்ட, நான் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து போனேன். கடல் தொடங்கும் இடம் வரை போய் வந்தோம். துறைக்கு வந்ததும் அவர் மோட்டாரை அணைத்துவிட்டு, கயிற்றோடு ஒரே தாவலில் கரையில் குதித்து, படகை இழுத்து நிறுத்தினார். மோட்டாரைத் தூக்கி, அடியில் இருக்கும் திருகாணியைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. "பாத்தீங்களா?" என்றார் அவர். "மோட்டாருல ஒண்ணுமில்லண்ணே. அந்தம்மா கைதான்."

சாயங்காலம் டீச்சரோடு போனேன். நாலைந்து பிள்ளைகளும் இருந்தார்கள். டீச்சர் ஊன்றுகோலைப் பலகைக்கு அடியில் செருகிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஆள் வேறு மாதிரி ஆகிவிட்டார். காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று கன்னத்தை வைத்தே பார்த்தார். மோட்டாரில் துறையைவிட்டு வெளியே வந்து, பாயை ஏற்றச்சொல்லி, மோட்டாரை அணைத்தார். அந்த நிமிஷம் வந்த அமைதியை என்னால் எழுத முடியாது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, படகை நீங்க புடிச்சிக்கலன்னாலும் அது மெதக்கும்" என்றார் டீச்சர். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவர் ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை. சேற்றுப் பக்கமே போகவில்லை. வலை கட்டியிருந்த இடத்துக்கு ரொம்பத் தூரத்திலேயே விலகிப் போனார். திரும்பும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இதுவும் போயிடுச்சுன்னா வேற ஆளப் போட்டுடுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியும் என்றேன்.

"எனக்கு வேற வேலை கெடைக்கும்ணே. அதுக்குச் சொல்லல. ரோட்டுல, பஸ்ஸுல, கோயில்ல எங்க போனாலும் 'பாத்து, பாத்து, மெதுவா'ன்னுதான் சொல்றாங்க. இங்க மட்டுந்தான் யாரும் என்னைப் பாத்து மெதுவாப் போன்னு சொல்றதில்ல."

துறை நெருங்கியது. கடல் ஓதம் ஏறுகிற நேரம், தண்ணீர் பின்னாலிருந்து படகைத் தள்ளியது. காலையில் அந்த ஆள் செய்த மாதிரி மோட்டாரை அணைப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அணைக்கவில்லை. கைப்பிடியை மறுபக்கம் திருகினார். காத்தாடி எதிர்ப்பக்கம் சுற்றியது. தண்ணீர் நுரைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தது.

என் கை தானாகப் போய்விட்டது. பேட்டரிப் பெட்டியின் சிவப்பு சுவிட்ச் என் பக்கத்தில்தான் இருந்தது. அணைக்கப் போன கையை டீச்சர் மணிக்கட்டில் பிடித்தார். நல்ல பிடி.

"கைய எடுங்கண்ணே. இப்பத்தான் எனக்கு மோட்டாரே வேணும்."

"பின்னாடி சுத்துதுங்க."

"பின்னாடிதான் சுத்தணும். நான் கயித்தோட குதிக்க முடியுங்களா?"

படகு துறைப் படிக்கட்டை ஒட்டி, பஸ் ஸ்டாப்பில் பஸ் நிற்கிற மாதிரி நின்றது. நின்ற பிறகும் அவர் விடவில்லை. ஓதம் தள்ளத் தள்ள, பின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் படகை அதே இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி, பாயைச் சுருட்டி, பையை எடுத்து, கயிற்றைக் கட்டி முடிக்கிற வரைக்கும் மோட்டார் பின்னால் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் ஊன்றுகோலை எடுத்துப் படியில் ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார்.

நான் படகிலேயே உட்கார்ந்திருந்தேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கை ஏன் போனது? பின்னால் சுற்றினால் நிறுத்து என்பது அதற்குப் பழக்கம். தொட்டியிலும் அதைத்தானே செய்தோம். முன்னால் மணிக்கணக்கில் ஓட்டுவோம். பின்னால் திருகி, சுற்றுகிறதா, சுற்றுகிறது, உடனே அணை. எங்கள் பட்டறையில் எல்லோரும் பம்பு பார்த்து வந்தவர்கள். எவனுக்கும் பின்னால் ஓடவிட மனசு வராது. சீலும் பம்பு சீல்தானே? அந்த ஸ்பிரிங் ஒரு பக்கமாக முறுக்கியது. ஷாஃப்ட் சரியான பக்கம் சுற்றும்போது, தூணில் சுற்றின கயிற்றை இழுக்கிற மாதிரி, அது இறுக்கிப் பிடித்துக் கார்பனைச் சுற்றவைக்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால்? கயிறு தளர்கிற மாதிரி தளரும். கார்பன் தடுமாறும், முகம் பிரியும், தண்ணீர் வரும்.

"டீச்சர், இன்னொரு தடவ ஏறுங்க. இதே மாதிரி நிறுத்திக் காட்டுங்க" என்றேன். இருட்டுவதற்குள் திரும்பத் திரும்ப நிறுத்திக் காட்டினார். மோட்டாரைத் தூக்கித் திருகாணியைக் கழற்றினேன். ஒரு சொட்டு வந்து விரலில் நின்றது. நாக்கில் வைத்தேன். சாரைப் போலவே, "உப்பு" என்றேன்.

டீச்சர் முகம் வாடிவிட்டது. "அப்ப போயிடுச்சுங்களா?"

"இல்லைங்க. கெடைச்சிடுச்சு" என்றேன்.

சாருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "உங்க கை ஏன் அங்க போச்சு?"

"பழக்கம் சார்."

"என் கையும் அங்கதான் போயிருக்கும்ங்க" என்றார். "முதலாளிகிட்ட நான் பேசறேன். கொறை எங்க மேலன்னு சொல்றேன். டீச்சர்கிட்டயும் சொல்லுங்க. மழை ஆரம்பிக்கறதுக்குள்ள செஞ்சிடுவோம்."

செய்வது சுலபமாக இல்லை. ஸ்பிரிங்கின் பிடியை நம்பாத சீல் வேண்டும். ஷாஃப்டில் ஒரு வளையத்தைத் திருகாணி போட்டு இறுக்கி, அது கார்பனை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு சுற்ற வேண்டும். நேரான சின்ன ஸ்பிரிங்குகள் அழுத்த மட்டும் செய்ய வேண்டும். அது முடிந்தது. ஆனால் முன்னும் பின்னும் வெடுக்கென்று மாற்றித் திருகும்போது வெள்ளை வளையமும் அதன் ரப்பரில் நழுவக் கூடாது. அதற்கு வளையத்தின் முதுகில் ஒரு வெட்டு வேண்டும், அதில் ஒரு பின் உட்கார வேண்டும். வெட்டு வைத்தால் சூளையில் அந்த மூலையிலிருந்து விரிசல் ஓடியது. சார் சுண்டச் சுண்ட மொத்து மொத்தென்றது. சூட்டை மெதுவாக ஏற்றிப் பார்த்தார், மெதுவாக இறக்கிப் பார்த்தார். ஆறு வளையம் வைத்தால் ஒன்று தேறியது. டீச்சரின் படகு அதுவரை கரையில் கவிழ்த்துக் கிடந்தது.

வள்ளியக்காதான் ஒரு நாள் பச்சை வளையத்தை, அதாவது சூளைக்குப் போகாத மண் வளையத்தை, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாரு, மூலைன்னு ஒண்ணு இருந்தாத்தானே கிழியும்? மூலையே இல்லாம பண்ணிட்டா?" என்றார்.

சார் ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "செஞ்சு காட்டுங்க" என்றார்.

அக்கா ஒரு ஈர்க்கின் நுனியில் ஸ்பாஞ்சுத் துண்டைச் சுற்றி, தண்ணீர் தொட்டு, வெட்டின் உள்மூலையை வழித்து வழித்துக் குழந்தையின் காது மாதிரி உருட்டினார். ஒரு வளையத்துக்கே ரொம்ப நேரம் ஆனது. அந்தத் தடவை சூளையிலிருந்து இறங்கிய வளையங்களைச் சார் ஒவ்வொன்றாகச் சுண்டினார். கணீர், கணீர், கணீர். எங்கோ கல்யாண வீட்டில் டம்ளர் அடுக்குகிற மாதிரி இருந்தது.

மோட்டாரைத் தொட்டியில் இறக்கினோம். இந்தத் தடவை முன்னால் ஓட்டவே இல்லை. காலையிலிருந்து பின்னால்தான். முழு வேகத்தில். பின்னோட்டத்தில் மோட்டார் தாங்கியைவிட்டு எழும்பப் பார்த்தது, கயிறு போட்டுக் கட்டினோம். என் கை சும்மா இருக்கவில்லை, சுவிட்சுப் பக்கம் போய்ப் போய் வந்தது. "கையக் கட்டிகிட்டு நில்லு ராசேந்திரா, சாமி கும்புடறாப்புல" என்றார் வள்ளியக்கா. சாயங்காலம் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். திறந்து பார்த்தோம். உள்ளே காய்ந்த செம்பு, நான் சுற்றிய அன்றைக்கு இருந்த அதே நிறத்தில்.

ஆனால் சார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தொட்டியில் ஓடியதற்கு இனி மதிப்பில்லை என்றார். டீச்சர் படகில் மாட்டி, அவர் எப்போதும் நிறுத்துகிற மாதிரியே நிறுத்தி, மழைக்கு முன்பு வரை ஓட்டட்டும். பிறகு நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் கழற்றிக்கொண்டு வரவேண்டும். திறந்து பார்த்த பிறகுதான் முடிவு. படகு முதலாளியும் அதற்குச் சம்மதித்தார்.

மழை மேகம் கட்ட ஆரம்பித்தபோது மோட்டார் வந்தது. அதோடு டீச்சரும் வந்தார். பஸ்ஸில், ஊன்றுகோலோடு, இவ்வளவு தூரம். "எனக்குச் சொல்லப்போற தீர்ப்பு, நான் இல்லாம எப்படிங்க?" என்றார். வள்ளியக்கா அவருக்கு நாற்காலி போட்டு, "பாத்து, மெதுவா" என்று ஆரம்பித்தார். நான் கண்ணைக் காட்டினேன். அக்கா அப்படியே பேச்சை மாற்றி, "டீ போடச் சொல்லவா?" என்றார்.

சார் மோட்டாரைக் கழுவினார். துடைத்தார். டைல்ஸின்மேல் வைத்து ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். மூடியை எடுத்தார். வெள்ளைத் துணி ஒன்றை விரலில் சுற்றி உள்ளே சுற்றிலும் தடவி எடுத்தார். துணி வெள்ளையாகவே வந்தது. நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு துணியை டீச்சரிடம் நீட்டினார். "நீங்களே பாருங்க."

டீச்சர் துணியை நாக்கில் வைத்துப் பார்த்தார். இன்னொரு மூலையையும் வைத்துப் பார்த்தார்.

"துணி ருசிதாங்க வருது" என்றார்.

வள்ளியக்காதான் முதலில் சிரித்தார். அப்புறம் டீச்சர், அப்புறம் நாங்கள் எல்லோரும். சார் எழுந்து போய் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கி, மறுபடி மடித்தார். வேறு எப்படியும் அவருக்குச் சந்தோஷத்தைக் காட்டத் தெரியாது. பிறகு என் தோளில் கை வைத்து, "ராசேந்திரன், மறுபடி மூடிக் குடுங்க. அவங்க பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார். மூடும்போது ஒவ்வொரு திருகாணியையும் இரண்டு தடவை இறுக்கினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ படகு பார்த்துவிட்டேன். பரங்கிப்பேட்டை, புதுச்சேரி, அதற்கு அப்பாலும் நம் மோட்டார் போயிருக்கிறது. இப்போது பட்டறையில் சாரின் மகள் இருக்கிறார். மெஷின்கள் மாறிவிட்டன. ஆனால் ஒன்று மாறவில்லை. புது மோட்டார் எதுவானாலும் தொட்டியில் இறக்கியதும் முதலில் பின்னால்தான் சுற்ற வேண்டும், நாள் முழுக்க. அதற்கு "டீச்சர் ஓட்டம்" என்று பெயர். புதிதாக வந்தவர்கள் யாராவது சுவிட்சை அணைக்கப் போனால் நாலு பக்கமிருந்தும் குரல் வரும்: "பின்னாடி சுத்தும்போது கை வைக்காத!" நான் வேலையைவிட்டு நின்ற அன்றும் தொட்டியில் ஒரு மோட்டார் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. மாலை போட்டார்கள், பேசினார்கள். நான் பாதிக் காதை அந்தச் சத்தத்தில் வைத்திருந்தேன். ஒரே சீராக ஓடியது.

அதனால் கலை, உன் மாமனார் வீட்டில் மறுபடி யாராவது, உங்கப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால், பம்பு, சிராமிக், படகு என்று குழப்பாதே. கழிமுகத்தில் ஒரு துறை இருக்கிறது. சாயங்காலம் படகுகள் திரும்பி வரும். எல்லோரும் கயிற்றோடு குதிப்பார்கள். ஒரு படகு மட்டும் படியை ஒட்டி வந்து, தானாக நின்று, நின்ற இடத்திலேயே நிற்கும். அதிலிருந்து ஒரு டீச்சர் யார் கையையும் பிடிக்காமல் இறங்குவார். அவர் இறங்கி முடிக்கிற வரைக்கும் அந்தப் படகைப் பிடித்துக்கொண்டிருப்பது எங்கப்பா என்று சொல்.